மூக்கால ஏறின தூசி எங்க இறங்குது?

சனத்தை ஊத வைச்சுச் சம்பளம் வாங்கிறதுதான் என்ர தொழில். வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில, நெஞ்சு டொக்டர் ஒருத்தற்ற கிளினிக். டொக்டர் உள்ளுக்கு இருப்பார். வெளி அறையில நான், ஒரு மேசை, மேசையில ஊதுற மெஷின். வாற ஆக்கள் மூச்சை நிறைய இழுத்துக் குழாய்க்குள்ள ஊதவேணும். நெஞ்சுக்குள்ள காத்து எவ்வளவு போய் எவ்வளவு வருது எண்டு மெஷின் கோடு கீறிக் காட்டும். மருந்து உறிஞ்சப் படிப்பிக்கிறதும் நான்தான். "ஊதுங்கோ, ஊதுங்கோ, விடாதேங்கோ, இன்னும், இன்னும்!" எண்டு நாள் முழுக்கக் கத்திறதால ஒழுங்கையில ஒருத்தரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்ல. "ஊது மிஸ்" எண்டால் ஓட்டோக்காரருக்கும் தெரியும்.

சிரியாதேங்கோ. உங்களுக்கும் மூக்கு இருக்கு. நீங்களும் காலி வீதியில பஸ்ஸுக்குப் பின்னால நிண்டு கரும்புகை குடிச்ச ஆள்தான். இண்டைக்கில்லாட்டி நாளைக்கு எனக்கு முன்னால குந்தி ஊதத்தான் போறியள். அதுக்கு முதல் இதுகளை வாசிச்சிட்டு வந்தியள் எண்டால் என்ர தொண்டைக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

குறுக்கு விசாரணை

புதுக்கடை நீதிமன்றத்தில இருந்து ஒரு சட்டத்தரணி வந்தவர். பழைய வழக்குக் கட்டுகளைத் தூசி தட்டித் தட்டி இருமல் பிடிச்சிருக்கு. அங்க ஒரு வசனத்தைத் தொடங்கினா மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இழுக்கிற மனுசன், குழாயை வாயில வைச்சா "பூ" எண்டு ஒரு சின்ன ஊதல், அவ்வளவுதான். உடன குழாயை எடுத்துப் போட்டு எனக்கு விளக்கம் சொல்லத் தொடங்கிடுவார். காலமை பாண் சாப்பிட்டவராம், குழாய் ஒடுக்கமாம், கதிரை உயரம் காணாதாம். "சேர், கதைக்கிற மூச்சை அப்பிடியே குழாய்க்குள்ள விடுங்கோ" எண்டு கெஞ்சினன். திரும்பத் திரும்ப ஊதினார். கோடு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில வந்து படுத்துது.

கடைசியாக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டு மெஷினை ஒரு பார்வை பார்த்தார். "மிஸ், இது எனக்கெதிராச் சாட்சி சொல்லுது. இதைக் குறுக்கு விசாரணை செய்ய ஏலாதோ?"

வழி கேட்டுப் போற மருந்து

நாங்கள் விரும்பி நெஞ்சுக்குள்ள அனுப்பிற தூசிக்குத்தான் மருந்து எண்டு பேர். சிலருக்கு அதைக் கப்சியூலுக்குள்ள அடைச்சுக் குடுப்பினம். ஒரு சின்னக் கருவிக்குள்ள கப்சியூலைப் போட்டுத் திருகினா அது உடையும். வாயை வைச்சு ஒரே இழுவையா இழுத்து, மூச்சைக் கொஞ்சம் அடக்கிப் பிடிக்கவேணும். பிடிச்சால்தான் தூள் உள்ளுக்குப் போய்ப் படியும். இவ்வளவுதான் வித்தை.

ஓய்வு பெற்ற ரீச்சர் ஒரு ஆள் இந்த மருந்தோட வந்து போய்க்கொண்டிருந்தவ. ஒரு குணமும் இல்லை. டொக்டரும் மருந்தைக் கூட்டிப் பார்த்திட்டார், மாத்திப் பார்த்திட்டார். "ரீச்சர், ஒருக்கா என்ர கண்ணுக்கு முன்னால எடுத்துக் காட்டுங்கோ" எண்டன். கைப்பையைத் திறந்தா, கப்சியூலை நாக்கில வைச்சா, சுடுதண்ணிப் போத்தலைத் திறந்தா, மடக் எண்டு விழுங்கிப் போட்டா! "கருவி எங்க ரீச்சர்?" எண்டு கேட்டன். அது வடிவான சாமானாம், வீட்டில ஷோகேசுக்குள்ள பொம்மையளோட இருக்காம். இது நெஞ்சுக்குப் போகவேண்டிய மருந்து, வயித்துக்கில்லை எண்டு சொன்னன். சோதினையில பெயிலான பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தா.

"எங்கால போனாலும் உடம்புக்குள்ளதானே பிள்ளை போகுது, உள்ள போய் அது வழி கேட்டுப் போகாதோ?"

நுளம்பா, முட்டா?

மருதானையில இரும்புச் சாமான் கடை வைச்சிருக்கிற முஸ்லிம் நானா ஒருத்தர், மனுசி பிள்ளையள் எண்டு குடும்பமாவே வந்திறங்கினார். எல்லாருக்கும் ராவானா மூச்சு முட்டு இழுக்குது. விசாரிச்சுப் பார்த்தா, ஜன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டி, கட்டிலுக்குக் கீழ நுளம்புத் திரி கொளுத்தி வைச்சிட்டுத்தான் படுக்கையாம். ஒரு மூலைக்கு ஒண்டு! "நானா, அந்தப் புகையில இருக்கிற தூள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னன். விடியும் மட்டும் எல்லாரும் அதைத்தான் குடிக்கிறியள். வலை கட்டுங்கோ, திரியை எறியுங்கோ" எண்டன். வலைக்குள்ள படுத்தா அவருக்கு மூச்சு முட்டுமாம்! எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் குழாயாலயே அவற்ற தலையில ஒண்டு போட்டிருப்பன்.

நானா நல்ல அமைதியாச் சொன்னார்: "மிஸ், டெங்கு வந்தா மவுத்துத்தான். முட்டு வந்தா ஒங்களுக்கிட்ட வரலாந்தானே?"

பழகிப் போயிடும்

எங்கட சனம் நோயைவிடப் பயப்பிடுற சாமான் ஒண்டிருக்கு. அதுதான் பம்ப். வாய்க்குள்ள அடிச்சு மெதுவா உள்ளிழுக்கிற அந்தச் சின்ன நீலக் குழல். அதைக் கையில குடுத்தா ஏதோ கள்ளச்சாராயக் கசிப்புப் போத்தலைக் குடுத்த மாதிரிப் பின்வாங்குவினம். கலியாணம் பேசிற வீட்டில பம்ப் இருந்தா, சாமித்தட்டுக்குப் பின்னால ஒளிச்சு வைப்பினம். தொய்வு, அதுதான் ஆஸ்துமா, இருக்கிறது தெரிஞ்சாலும் பரவாயில்லையாம், பம்ப் இருக்கிறது தெரியக்கூடாதாம்.

போன கிழமை ஒரு தம்பி வந்தார். வங்கியில வேலை. நெஞ்சு விசிலடிக்கிற சத்தம் மேசைக்கு இங்கால எனக்குக் கேக்குது. சேட்டுப் பொக்கற்றில சிகரெட் பெட்டி மெல்ல எட்டிப் பார்க்குது. பம்ப்பைக் கையில குடுத்தன், ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கொண்டார். நான் அவற்ற பொக்கற்றைப் பார்த்தன். அவருக்கு விளங்கீட்டுது.

"சிகரெட்டை வேணுமெண்டா நாளைக்கே விடுவன் மிஸ். பம்ப் எண்டா பழகிப் போயிடும்."

மாஸ்க் அங்கிள்

இவரைக் கொஞ்சம் வடிவாச் சொல்லவேணும். கனடாவில இருந்து ஓய்வு பெற்று வந்தவர். கடற்கரைப் பக்கம் புதுசா எழும்பின மாடியில, ஆறாம் தட்டில ஒரு ஃபிளாட் வாங்கி, உள் வேலை நடக்குது. அவருக்கு உண்மையாவே கொஞ்சம் தொய்வு இருக்கு, நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா மனுசன் தூசிக்குப் பயப்பிடுற பயம் இருக்கே, ஐயோ! ஒண்டுக்கு மேல ஒண்டா மாஸ்க். கதிரையில இருக்க முதல் துடைப்பார், துடைச்ச கடுதாசியை எறியாமல் மணந்து பார்ப்பார். ஜன்னலால வெயில் விழுந்தா அதில ஆடுற தூசியைக் கையால விரட்டுவார். எங்கட ரிசப்ஷன்ல இருக்கிற நில்மினி அவர் லிஃப்டால வாறதைக் கண்டா விசிறியை நிப்பாட்டிப் போடுவாள்.

ஒரு நாள் நான் சொன்னன்: "அங்கிள், வெயிலில தெரியிற தூசியைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. மூச்சைக் காலி வீதியில ஓடுற நூறாம் நம்பர் பஸ் எண்டு வையுங்கோ. பருத்த தூசி மூக்கு மயிரிலயும் தொண்டை வளைவிலயும் மோதி நிண்டிடும், பஸ் திரும்பேக்க பிடியில்லாமல் நிக்கிற தடிச்ச ஆள் மாதிரி. நடுத்தரம் இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போய் மூச்சுக்குழாய்க் கிளையளில ஒட்டும். அதைச் சளி மேல தள்ளிக்கொண்டு வரும், நீங்கள் காறித் துப்புவியள். சின்னதுதான் ஒருத்தரிலயும் இடிபடாமல் நெளிஞ்சு நெளிஞ்சு கடைசி சீட் வரைக்கும் போறது. கொஞ்சம் திரும்பி வந்திடும். மிச்சம் அங்க, காத்து ஆடாமல் நிக்கிற இடத்தில, மெல்லமாப் படிஞ்சிடும். அங்க சளியும் இல்லை, கூட்டுற தும்புத்தடியும் இல்லை."

ஆறுதலாச் சொல்லுறன் எண்டு நினைச்சுத்தான் சொன்னன். மனுசனுக்கு மாஸ்க்குக்கு மேலால தெரியிற கண் ரெண்டும் பிதுங்கிப் போச்சு.

"அப்ப இந்தச் சின்னத் தூசியளைப் பற்றி நான் ஆரிட்ட முறைப்பாடு குடுக்கிறது, பிள்ளை?"

யோகு பாஸ்

ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில இருந்து புஷ்பா எண்டு ஒரு பிள்ளை தன்ர மனுசனைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளவத்தையில வீடுகளுக்குச் சமைக்கப் போறவள். ரெண்டு பேருக்கும் மலையகம் சொந்த இடம். மனுசன் யோகநாதன், டைல்ஸ் பதிக்கிறவர். மேசன்மாரை இங்க பாஸ் எண்டுதான் கூப்பிடுறது, அதால எல்லாருக்கும் யோகு பாஸ். நாப்பது வயசுகூட இல்லை. குளிச்சுத் தலை சீவித்தான் வந்திருந்தார், ஆனா காது மடிப்புக்குள்ள டைல் வெட்டின வெள்ளை மா. எங்கட கிளினிக் ரெண்டாம் தட்டிலதான். லிஃப்ட் பிஸி எண்டு படியால ஏறி வந்தவர், கதிரையில குந்தி மூச்சு எடுக்கிறதைப் பார்த்து நில்மினி தண்ணி கொண்டுவந்து குடுத்தாள்.

ஊதச் சொன்னன். என்ர சீவியத்தில இவ்வளவு ஒழுங்கா ஊதின ஆளைக் கண்டதில்லை. ஏமாத்து இல்லை, விளக்கம் இல்லை, கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். ஊதிறதுக்குத்தான் உள்ள காத்து இல்லை. கோடு தொடங்கின கையோட முடிஞ்சு போச்சு. டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்திட்டு அவையள் ரெண்டு பேரையும் இருத்திச் சொன்னார்: டைலும் கல்லும் வெட்டேக்க பறக்கிற மா நெஞ்சின்ர அடிவரைக்கும் போய்த் தழும்பு போட்டிருக்கு, போட்டது இனி மாறாது, அந்த மா உள்ள போறதை இப்ப நிப்பாட்டினால் இதோட நிக்கலாம், நிப்பாட்டாட்டி ஒரு நாள் முகம் கழுவவும் மூச்சுக் காணாது. புஷ்பா பம்ப் தாங்கோ எண்டு அழுதாள். பம்ப் கொஞ்சம் சுகம் குடுக்குமே தவிர, படிஞ்ச கல்லைக் கிளப்பி எடுக்காது.

யோகு பாஸ்தான் எங்கள் எல்லாரையும் சமாதானப்படுத்தினார்: "தூசி என்னா மிஸ் செய்யும், சின்ன வயசுலேர்ந்து நமக்கு அது பழகிடுச்சு."

உள்ளயே வராத ஐயா

டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்ட பிறகு நான் விசாரிச்சன். "இப்ப எங்க வேலை?" கடற்கரைப் பக்கம் புது மாடியாம். ஆறாவது தட்டாம். வெளிநாட்டு ஐயா வீடாம். எனக்கு விளங்கீட்டுது. "தண்ணி ஊத்தி ஊத்தி வெட்டலாமே, மா பறக்காதே?" எண்டு கேட்டன். கேட்டுப் பார்த்தாராம். தண்ணி கீழ் வீட்டுச் சீலிங்கில ஒழுகும், வேலையும் சுணங்கும் எண்டு ஐயா வேண்டாமெண்டிட்டாராம். பக்கத்து வீட்டுக்காரர் தூசி வருதெண்டு சத்தம் போட்டதால ஜன்னலையும் பூட்டச் சொல்லிட்டாராம். பூட்டின அறைக்குள்ள, கிரைண்டரைப் பிடிச்சுக்கொண்டு, மூக்கில ஒரு லேஞ்சித் துண்டைக் கட்டிக்கொண்டு இந்த மனுசன் நாள் முழுக்கக் கல்லைக் குடிக்குது.

"விட்டிட்டு வாங்கோ" எண்டு சொல்ல வாய் வந்துது. நடுவில விட்டிட்டு வந்தா ஐயா இன்னொரு பாஸைப் பிடிப்பார், இவருக்கு ஆர் வேலை குடுக்கிறது? அவருக்கோ ஐயாவில ஒரு கோவமும் இல்லை.

"ஐயா தங்கமானவரு மிஸ். தூசின்னா அவருக்கு உசுரே போயிரும், பாவம், அதான் உள்ளயே வர்றதில்ல."

அவையளும் நாங்களும்

மாஸ்க் அங்கிள் அடுத்த முறை வந்ததும் நான் மெல்லக் கதை குடுத்தன். பேஷண்டைப் பற்றி இன்னொரு பேஷண்டிட்டக் கதைக்கக் கூடாது, அதால பேர் சொல்லேல்ல. பொதுவாச் சொன்னன். "அங்கிள், ஃபிளாட்டில டைல் வேலை நடக்குதெண்டியள். அது வெட்டேக்க வாற மாதான் நான் சொன்ன கடைசி சீட் தூசி. வேலை செய்யிற ஆக்களுக்குப் பெரிய ஆபத்து. தண்ணி ஊத்தி வெட்டச் சொல்லுங்கோ, ஜன்னலைத் திறந்து விடுங்கோ, நல்ல மாஸ்க்காப் பார்த்து ஒண்டு குடுங்கோ." மூண்டு மாஸ்க்குக்குப் பின்னால இருந்து என்னை இரக்கமாப் பார்த்தார். அந்த இரக்கம் எனக்கு. உலகம் தெரியாத பிள்ளை எண்டு.

"அவையளுக்கு அது பழகியிருக்கும், பிள்ளை. எங்கட நெஞ்சுதான் சென்சிடிவ்."

நான் சொன்னதில பொய் இல்லை

அந்த வசனத்தோட நான் என்ர இரக்கத்தை மடிச்சு மேசை லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டினன். அவருக்குக் கிட்ட கதிரையை இழுத்துப் போட்டு, குரலைப் பதிச்சுத் தொடங்கினன். "சரி அங்கிள், அவையளை விடுங்கோ. உங்களைச் சொல்லுறன். பூட்டின வீட்டுக்குள்ள வெட்டின மா எங்கயும் போகாது. ஏசிக்குள்ள இருக்கும். அலுமாரிக்குப் பின்னால இருக்கும். சுவர் இடுக்கில இருக்கும். கூட்டினா எழும்பும், திரும்பப் படியும். நீங்கள் குடிபூரலுக்குப் பாலைக் காய்ச்சிப் போட்டு, விசிறியைப் போடுவியள் பாருங்கோ, அப்ப எல்லாம் ஒண்டா எழும்பும். பருத்தது நிலத்தில விழுந்திடும். சின்னது உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிக்கும்." ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆருக்காகச் சொல்லுறன் எண்டதை மட்டும் மாத்திச் சொன்னன்.

மனுசன் வேர்த்துப் போனார். அண்டைக்கு ஊதவும் இல்லை, மருந்தும் வாங்கேல்ல, எழும்பி ஓடினார். அடுத்த கிழமை புஷ்பா போன் எடுத்தாள். தண்ணி ஊத்தி வெட்டிற மெஷின் வந்திட்டுதாம். கீழ் வீட்டுக்காரரோட ஐயாவே போய்க் கதைச்சாராம். ஜன்னல் எல்லாம் திறந்தாச்சாம். ஈரமாத் துடைக்க ஒரு ஆள் வேற போட்டிருக்காம். யோகு பாஸுக்குப் பெரிய மாஸ்க் ஒண்டு, ரெண்டு பக்கமும் வட்டமா ஏதோ பூட்டினது, ஐயாவே போட்டுப் பார்த்து வாங்கிக் குடுத்தாராம். "ஐயா மனசு மாறிட்டாரு மிஸ்" எண்டு அந்தப் பிள்ளை சந்தோசத்தில அழுதாள். நானும் ஒரு கணம் நம்பினன். பிறகு அங்கிள் வந்தார்.

"பாஸுக்கும் ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் குடுத்திட்டன், பிள்ளை. அவன் இருமி இருமி என்ர வீட்டுத் தூசியைக் கிளப்பக்கூடாது பாருங்கோ."

அடுத்த வேலை

யோகு பாஸ் திரும்ப ஊத வந்தார். நான் மெஷினைப் பார்க்கப் பயந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "ஊதுங்கோ, ஊதுங்கோ" எண்டு கத்தினன். கோடு ஏறேல்ல. ஆனா இறங்கவும் இல்லை! போன முறை நிண்ட இடத்திலயே நிக்குது. இந்த வருத்தத்தில அது பெரிய காரியம். டொக்டர் வெளியில வந்து அவற்ற முதுகில தட்டினார். நில்மினி "அனே, ஹொந்தாய்!" எண்டு கை தட்டினாள். நல்லதாம், அவளுக்கும் சந்தோசம். நான் எழும்பிப் போய் ரீ ஊத்திக்கொண்டு வந்தன். என்ர மேசையில பேஷண்டுக்கு ரீ குடுத்தது அதுதான் முதல் தரம்.

டொக்டர் திரும்பவும் தொழிலை மாத்தச் சொன்னார். மாத்தி என்ன செய்யிறது? பேலியகொடையில மீன் பெட்டி தூக்கலாமெண்டா, அதுக்கு நெஞ்சு வேணும். கடைக்குக் காவல் நிக்கலாமெண்டா, பிள்ளையள் ரெண்டு பேரும் படிக்கினம், அந்தச் சம்பளம் காணாது. டைல்தான் கையில இருக்கு. தண்ணி ஊத்தி வெட்டினா இந்தத் தொழிலோடயே கொஞ்சக் காலம் இருக்கலாம் எண்டு டொக்டரும் கடைசியில இறங்கி வந்தார். அங்கிளின்ர வீடு இந்தக் கிழமையோட முடியுது. அடுத்தது கொட்டாஞ்சேனையில ஒரு பெரிய மாடி. அங்க பாஸ்மாரை வைச்சு வேலை வாங்கிற ஆளிட்ட "தண்ணி வைச்சு வெட்டலாமா?" எண்டு இவர் கேட்டிருக்கிறார். அவர் சிரிச்சுப் போட்டு, வேண்டாமெண்டா வேற ஆள் இருக்கு எண்டிருக்கிறார். வீட்டுச் சொந்தக்காரரைப் போய்க் கேட்டால், அவர் கல்லுக் குண்டாட்டம் இருக்கிறாராம். தும்மல் கூட வாறேல்லையாம், அவர் எங்க தூசிக்குப் பயப்பிடுறது?

யோகு பாஸ் ரீயைக் குடிச்சு முடிச்சு, கோப்பையைத் தானே கழுவி வைச்சார். பிறகு கொஞ்சம் வெக்கத்தோட என்ர மேசைக்குக் கிட்ட வந்து, மற்ற ஆக்களுக்குக் கேக்காத மாதிரிக் கேட்டார்:

"மிஸ், ஒங்ககிட்ட வர்ற முட்டு வியாதிக்காரங்க வேற யாராச்சும் புதுசா வீடு கட்டுறாங்களா?"

இப்பெல்லாம் காசுக்கார நெஞ்சு ஒண்டு இழுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால குந்தினா, எப்ப தொடங்கின வருத்தம் எண்டு கேக்க முதல், "வீடு ஏதும் கட்டுறியளோ?" எண்டுதான் நான் கேக்கிறன்.